சாமி முன் சொன்ன பக்குவம்

அடி அண்ணாமலை,
18-1-1959

மதிப்பிற்குரிய ஐயா,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் உண்ணாமுலை. டவுனில் உள்ள பெண்கள் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறேன். எங்கள் பள்ளிக்கு வரும் வாரப் பத்திரிகையில், புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குச் சட்டம் தரும் உரிமையைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். ரசாயனம் படித்துவிட்டு, பிறகு சட்டமும் படித்து, கல்கத்தாவில் பேட்டன்ட் வக்கீலாக இருப்பவர் என்று உங்களைப் பற்றிக் கீழே போட்டிருந்தது. பிறந்த ஊர் எங்கள் திருவண்ணாமலைதான் என்றும் இருந்தது. அதைப் பார்த்ததும் சரோஜா டீச்சரிடம் ஓடினேன். "எழுதிப் பாரேன், கடிச்சா தின்னுடப் போறாரு?" என்றார். பத்திரிகை மூலமாக எழுதுகிறேன்.

என் அப்பா ஆதிமூலம் விளக்குத் திரி செய்து கோவில் பக்கம் கடை வைத்து விற்கிறார். சாதாரணத் திரி எரியும்போது நுனியில் கரி மொட்டுக் கட்டும். அதனால்தான் புகை. அப்பா செய்திருக்கும் புதுத் திரியில் மொட்டுக் கட்டுவதில்லை, புகை மிகக் கம்மி. அப்பா இளவயதில் வேலூரில் தோல் பதனிடும் இடத்தில் கணக்கு எழுதியவர். ஆவாரம் பட்டைத் தண்ணீரைப் பற்றி அங்கேதான் தெரிந்துகொண்டார். அதில் நூலை ஊறவைத்துக் காயவைத்து, பிறகு வெங்காரத் தண்ணீரில், அதாவது போராக்ஸ் கரைத்த தண்ணீரில், ஊறவைக்கிறார். அவர் கையால் அள்ளிப் போடுவதை நான் பள்ளித் தராசில் நிறுத்துக் குறித்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து ஒரு வியாபாரி வந்து பார்த்தார். பேட்டன்ட் இருந்தால் பெரிய அளவில் எடுத்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றும் சொல்லிப் போனார். அப்பா என்னிடம் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார். இது கைகூடினால் என்னை வேலூருக்கு அனுப்பி ரசாயனம் படிக்க வைப்பார். கூடாவிட்டால் அத்தை மகன் வேணுவுக்குக் கல்யாணம் செய்து கொடுப்பார். வேணு மாமா நல்லவர்தான். ஆனால் எனக்குப் படிக்க வேண்டும்.

எங்களுக்கு உதவுவீர்களா?

இப்படிக்கு,
ஆ. உண்ணாமுலை


கல்கத்தா,
9-2-1959

செல்வி உண்ணாமுலைக்கு,

உன் கடிதம் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது. கட்டுரை வெளியான பிறகு எனக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. தானே ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் செய்தவர்கள் சிலர். வழுக்கைத் தலையில் முடி முளைக்கும் தைலம் செய்தவர்கள் பலர். அவர்களில் ஒருவரும் எதையும் நிறுத்துப் பார்க்கவில்லை.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். மெழுகுவர்த்தி செய்கிறவர்கள் வெளிநாடுகளில் வெகுகாலமாகத் திரியை வெங்காரத்தில் ஊறவைக்கிறார்கள். அதில் புதுமை இல்லை. பட்டைத் தண்ணீரை முன்னால் வைப்பதுதான் நான் கேள்விப்படாதது. இரண்டையும் வரிசை மாற்றிச் செய்தால் என்ன ஆகிறது என்று பார்த்து எழுது. இரண்டு விதத் திரியும் கொஞ்சம் அனுப்பு. யாரிடமும் விவரம் சொல்ல வேண்டாம்.

என் தகப்பனார் அண்ணாமலையார் கோவிலில் பூஜை செய்தவர். கடைசி வருடங்களில் அவர் கண்ணில் எப்போதும் நீர் வடியும். புகை என்பார்கள். கோவிலில் அவருடைய பூஜை முறையை எடுத்துக்கொள்ளாமல் நான் ரசாயனம் படிக்கப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. திரியை அனுப்பு.

கைலாசநாதன்


அடி அண்ணாமலை,
17-2-1959

மதிப்பிற்குரிய ஐயா,

திரிகளைத் தகர டப்பாவில் வைத்து அனுப்பியிருக்கிறேன். சிவப்பு நூல் கட்டியது சரியான வரிசை. கட்டாதது மாற்றிச் செய்தது. மாற்றிச் செய்ததைக் கொளுத்தினால் புகை ஜாஸ்தி, அதோடு பொரிகிறது. வெங்காரம் முதலில் போனால் பட்டைச் சாயம் நூலில் சரியாக ஏறுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு உரக்கப் படித்தேன். வழுக்கைத் தலைத் தைலத்துக்குச் சிரித்தார். உங்கள் தகப்பனாரைப் பற்றிய இடம் வந்ததும், "அந்த ஐயரை எனக்குத் தெரியும். கண்ணைத் தொடைச்சிக்கினே விபூதி குடுப்பாரு" என்றார். உங்களிடம் சொல்லலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உண்ணாமுலை


கல்கத்தா,
16-3-1959

உண்ணாமுலைக்கு,

திரி வேலை செய்கிறது. கூடப் படித்த நண்பர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில், வெள்ளைப் பீங்கான் தட்டுகளைக் கவிழ்த்து அடியில் எரித்துப் பார்த்தோம். சாதாரணத் திரிக்கு மேலிருந்த தட்டு கறுத்தது. சிவப்பு நூல் கட்டிய திரியின் தட்டில் விரலை வைத்துத் தேய்த்தால்தான் கரி தெரிந்தது. சாயத்தைப் பற்றிய உன் யூகமும் அநேகமாகச் சரி. உன் வயதில் எனக்கு அது தோன்றியிருக்காது.

உன் தகப்பனார் கையெழுத்திட்டு அனுப்பிய தாள்களோடு முதல் விண்ணப்பத்தை இங்குள்ள பேட்டன்ட் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். செலவைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம். இது எனக்கும் வேண்டிய காரியம்.

இனி முழு விவரக் குறிப்பு எழுத வேண்டும். இந்தத் திரி எப்படிப் பிறந்தது, எப்போது தேறியது, முதலில் எங்கே கொளுத்தினீர்கள், யார் பார்த்தார்கள் என்பதையெல்லாம் நினைவிலிருந்து எழுது. ஒன்றையும் விடாதே. கொஞ்சம் கேட்டால் நிறைய எழுதுகிற பெண் நீ. இந்த முறை அது நல்லதுதான்.

கைலாசநாதன்


அடி அண்ணாமலை,
29-3-1959

அன்புள்ள ஐயா,

பரீட்சை முடிந்தது. ரசாயனம் நன்றாக எழுதியிருக்கிறேன். நீங்கள் கேட்டதை இப்போது எழுதுகிறேன்.

திரி தேறியது போன ஐப்பசியில். ஆனால் முதல் ஈடு கடைக்கு வரவில்லை. எங்கள் தெருவில் எதைச் செய்தாலும் முதல் ஈட்டை அண்ணாமலையாருக்குக் கொடுத்த பிறகுதான் விற்பார்கள். புதுச் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயானாலும் அப்படித்தான். அதனால் கார்த்திகைத் தீபத் திருவிழா தொடங்கிய அன்று, ஒரு கூடை திரியை மஞ்சள் துணி போட்டு மூடி அப்பா தலையில் தூக்கி வந்தார். நானும் அம்மாவும் பின்னால் போனோம்.

கோபுர வாசலில் உபயம் வாங்கும் பந்தல். உள்ளே மைக் செட் வைத்திருக்கும் இராமலிங்கம், யார் என்ன கொடுக்கிறார்கள் என்று கூவிக்கொண்டிருந்தார். குருக்கள் ஒருவர் எங்கள் திரியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"ஏம்ப்பா ஆதிமூலம், நூல்ல என்னமோ வாசனை வர்றதே? மெழுகு, கொழுப்பு ஏதாவது சேர்த்திருக்கியா? என்ன இருக்குன்னு தெரியாம சாமிக்கு நான் ஏத்த முடியாது."

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க சாமி. பட்டையும் வெங்காரமும்தான்" என்று அப்பா மெதுவாகச் சொன்னார்.

இராமலிங்கம் விடவில்லை. "இன்னாபா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் குசுகுசுன்னு பேசிக்கினு? மைக்குல சொல்லு. நாளைக்கு எவனாவது ஆதிமூலம் திரியில ஆட்டுக் கொழுப்புன்னு கெளப்பி உட்டா இன்னா பண்ணுவே?"

"எனக்கு இதுல பேச வராதுபா."

"வூட்ல பொண்டாட்டிகிட்ட பேசறது இல்ல? அப்டியே பேசு."

"எங்க பேச உடறா?" என்றார் அப்பா. அது மைக்கில் கேட்டுவிட்டது. கூட்டம் சிரித்தது. அம்மா தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பிறகு அப்பா கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார். "முதல்ல ஆவாரம் பட்டைத் தண்ணி. ஒரு ராத்திரி ஊறணும். நெழல்ல காயவைக்கணும், வெயில்ல போட்டா வீணாப் பூடும். அப்புறம்தான் வெங்காரத் தண்ணி. மாத்திப் போட்டா புகை ஜாஸ்தி. வேற ஒண்ணும் கெடையாது, சாமி சத்தியமா."

கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள், "அளவு இன்னான்னு சொல்லுங்க!" என்று கத்தினாள். அப்பா அதையும் சொன்னார்.

குருக்கள் அங்கேயே ஒரு அகலில் போட்டு ஏற்றினார். சுடர் நூல் பிடித்தாற்போல நேராக நின்றது. குருக்கள் குனிந்து, முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "பேஷ்" என்று சொன்னது மைக்கில் போயிற்று. திருவிழா முழுவதும் சந்நிதியில் எங்கள் திரிதான் எரிந்தது. அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டே நடந்தார்.

இதை விவரக் குறிப்பில் சேர்ப்பீர்களா? குருக்கள் பேஷ் என்றதையாவது சேர்க்க முடியுமா?

உண்ணாமுலை


கல்கத்தா,
8-4-1959

உண்ணாமுலைக்கு,

உன் கடிதம் வந்தது. நன்றாக எழுதியிருக்கிறாய். படித்து முடித்த பிறகு எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். விண்ணப்பம் கொடுத்த நாளுக்கு முன்பே இந்த நாட்டில் பலர் அறியச் சொல்லப்பட்டதும், பலர் அறியப் பயன்பட்டதும் சட்டத்தின் கண்ணில் புதியது ஆகாது. கண்டுபிடித்தவரே சொல்லியிருந்தாலும் அப்படித்தான். சாமிக்குக் கொடுத்ததா, கடையில் விற்றதா என்று சட்டம் பார்க்காது. கார்த்திகையில் ஊருக்கே சொன்னதற்குப் பங்குனியில் உரிமை கேட்டிருக்கிறோம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நான் எழுதினேன். ஏற்கெனவே சொல்லியாயிற்றா என்று கேட்கவில்லை. அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

ஒன்று யோசித்துப் பார். ஒலிபெருக்கி கரகரக்கும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் சொல்வது அடுத்தவருக்குக் கேட்காது. அன்று கொடுத்தது வெறும் வெங்காரத் திரியாக இருந்திருக்கலாம், பட்டையைப் பிறகு சேர்த்திருக்கலாம். பரீட்சை நேரத்தில் எழுதியதில் நாளும் விஷயமும் உனக்குக் குழம்பியிருக்கலாம். தகப்பனாரைக் கேட்டு, நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் மறுபடி எழுது. 29-ஆம் தேதியிட்ட கடிதத்தை நான் இன்னும் கோப்பில் சேர்க்கவில்லை.

கைலாசநாதன்


அடி அண்ணாமலை,
20-4-1959

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை அப்பா இரண்டு தடவை படிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை முடிந்ததும், "அவரே வழி சொல்றாரு பாரு கண்ணு. கேக்கலைன்னு எழுதிடு" என்றார்.

"மைக்குல பேசினதைக் கேக்கலைன்னா, இன்னா செவுட்டு ஊரா இது?" என்று அம்மா கேட்டாள்.

"நீ சும்மா இரு ஜோதி. உம் பொண்ணு காலேஜு போவணுமா வேணாவா?"

அம்மா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' வரைக்கும் எழுதினேன். அப்பா அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தார். "ஆச்சா?" என்பார். "யோசிக்கிறேம்பா" என்பேன். பல நாள் இப்படியே போயிற்று.

நேற்று எதிர்வீட்டுப் பச்சையம்மாள் அக்கா வந்தாள். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறாளாம், எங்கள் ஏணி வேண்டுமாம். "இனிமே அடிச்சா நிக்கும்டி. உங்கப்பன் சொன்னா மாதிரியே பட்டைத் தண்ணியில ஊறவெச்சித்தான் ஏத்தறேன். எங்க வூட்ல பொகையே கெடையாது. எங்க நாத்தனாருக்குக் கூடச் சொல்லி அனுப்பிட்டேன். மவராசன், நல்லா இருக்கட்டும்" என்றாள். அன்றைக்கு அளவு கேட்டுக் கத்திய அம்மாள் இவள்தான். அப்பா ஏணியை எடுத்துக் கொடுத்தார். அவள் போன பிறகும் வாசலிலேயே நின்றார்.

கேட்டது ஐயா. எல்லாருக்கும் கேட்டது. அன்று கொடுத்தது பட்டையும் வெங்காரமும் சேர்ந்த திரிதான். எனக்கு நாளும் குழம்பவில்லை, விஷயமும் குழம்பவில்லை.

கேட்கவில்லை என்று எழுதினால் உங்கள் கையெழுத்தோடு அது மேலே போகும். நாளைக்கு யாராவது வந்து பச்சையம்மாள் அக்காவைக் கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டும், அல்லது அவள் திருடியதாக ஆகும். அவள் ஒன்றையும் திருடவில்லை. நாங்கள்தான் கொடுத்தோம்.

அப்பாவுக்குத் தெரியாமல் இதைத் தபாலில் போடுகிறேன். வேறு மாதிரி எழுதியிருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உண்ணாமுலை


கல்கத்தா,
4-5-1959

உண்ணாமுலைக்கு,

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தகப்பனாருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவரிடம் நீ சொல்லியிருக்கிறாயோ இல்லையோ, நீ எழுதியதைத்தான் காரணமாகச் சொல்லியிருக்கிறேன்; என்னால் வேறு காரணம் கற்பிக்க முடியவில்லை.

நான் சுற்றி வளைத்துக் கேட்டது உனக்குப் புரிந்திருக்காது என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். உனக்குப் புரிந்திருக்கிறது. இத்தனை வருடத் தொழிலில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. ஏன் கேட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். புகையில்லாமல் எரியும் ஒரு திரிக்கான பத்திரத்தின் அடியில் என் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதைக் காட்ட எனக்கு இப்போது யாரும் இல்லை. ஆசை மட்டும் இருந்தது.

எனக்கு உன் மேல் கோபம். நீ பதிலே போடாமல் இருந்திருக்கலாம். கரகரப்பு என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். யாரும் எதிர்த்திருக்க மாட்டார்கள், வியாபாரி வாங்கியிருப்பார், நீ வேலூருக்குப் போயிருப்பாய். பெரியவன் இப்படி எழுதுவது வெட்கக்கேடு என்று தெரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

படிப்புச் செலவை நான் ஏற்றுக்கொள்ளத் தயார். அப்பாவிடம் கேள். மறுத்தால் இன்னொரு முறை கேள்.

நீ செய்தது சரி என்று உனக்காவது தோன்றுகிறதா? தோன்றினால் ஒரு வரி எழுது. எனக்கு உதவியாக இருக்கும்.

கைலாசநாதன்


அடி அண்ணாமலை,
12-6-1959

மதிப்பிற்குரிய ஐயா,

அப்பாவுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை அவரே மெதுவாகப் படித்தார். என்னைப் படிக்கச் சொல்லவில்லை. முடித்துவிட்டு, "அப்ப நீ கேட்டுச்சுன்னே எழுதிட்டே" என்றார். ஆமாம் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து என்னைக் கண்ணு என்று கூப்பிடுவதில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

மீதி இருந்த பட்டையை அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டார். கடையில் இப்போது பழைய திரிதான். "இன்னாபா, அந்தத் திரி இல்லையா?" என்று யாராவது கேட்டால், "அதான் உங்க வூட்டுலயே இருக்குதே, இங்க எதுக்கு?" என்கிறார். அவர்கள் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

சென்னை வியாபாரி வரவில்லை. வேலூரில் எங்கோ அதே மாதிரித் திரியைக் கட்டுக் கட்டி விற்கிறார்கள் என்று இராமலிங்கம் வந்து சொன்னார். அப்பாவுக்காக அவருக்கு ஒரே ஆத்திரம். "கோர்ட்டுக்குப் போலாம் வா!" என்றார். அப்பா, "இன்னான்னு போறது? நீதானே மைக்கை நீட்டினே" என்றார். இராமலிங்கம் பீடியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

படிப்புச் செலவைப் பற்றி நீங்கள் சொன்னபடி இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, "அவர் துட்டுல படிக்க, நான் செத்தா பூட்டேன்?" என்றார். இரண்டாம் முறை சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார். இனி கேட்க மாட்டேன்.

ரிசல்ட் வந்தது. ரசாயனத்தில் பள்ளியில் முதலாவது. சரோஜா டீச்சர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வெகுநேரம் பேசினார். அம்மா காபி கொடுத்து அனுப்பினாள்.

கல்யாணம் ஆனி கடைசியில். வேணு மாமா போன வாரம் வந்திருந்தார். "ரொம்பப் படிப்பியாமே? எங்க அம்மா ஒம்போது மணிக்கெல்லாம் விளக்கை அணைச்சிடும், எண்ணெய் வீணாப் போவுதுன்னு" என்று சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று என் முகத்தைப் பார்த்தார். நான் முன்பே எழுதியபடி அவர் நல்லவர்தான்.

அங்கே போன பிறகு எனக்கு எழுத வேண்டாம் ஐயா. கல்கத்தாவிலிருந்து யார் எழுதுகிறார்கள், எதற்கு என்று அத்தை கேட்பாள். உங்களைப் பற்றி என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

உங்கள் கோபத்தில் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். நான் செய்தது சரி, அதற்காக நான் வருந்தவில்லை என்று எழுதி, உங்களுக்கு உதவியாக இருக்கும் என்று முடித்துவிட நினைத்தேன். எழுத முடியவில்லை. அது பொய்யாகிவிடும்.

உண்ணாமுலை